வேலிக்கு முன்பே வந்தவர்கள்: வியன்னாவின் லோபௌவும் டான்யூப் படுகைப் பூங்காவும்

ஜெர்மன் மொழியில் ‘ஔ’ என்றொரு சொல் உண்டு. தமிழின் பன்னிரண்டாம் உயிரெழுத்தைப் போலவே ஒலிக்கும் இச்சொல், வெள்ளம் ஏறி இறங்கும் ஆற்றோர நிலத்தையும் அந்நிலத்தில் வளரும் காட்டையும் ஒருசேரக் குறிக்கும். நீரைக் குறிக்கும் இலத்தீன் ‘அக்வா’வுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. தமிழில் நேர்ச்சொல் தேடுவோருக்குக் காவிரிக் கரையின் ‘படுகை’ கைகொடுக்கும். வெள்ளக்காலத்தில் ஆற்றுக்கும், வெள்ளம் வடிந்தபின் மனிதருக்கும் உரியதாகும் நிலம் அது. அதன் எல்லையை ஆறே ஆண்டுதோறும் மாற்றி எழுதுகிறது.

வியன்னா நகரின் வரைபடத்தில் இச்சொல் பல இடங்களில் ஒட்டாக நிற்கிறது: பிரிகிட்டனௌ, ஃப்ராய்டனௌ, லோபௌ. இவற்றுட் சில இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் துறைமுகங்களும் ஆகிவிட்டன. பெயரில் மட்டும் படுகை எஞ்சியிருக்கிறது. லோபௌ மட்டும் பொருளோடும் எஞ்சியது. நகரப் பேருந்தில் ஏறிச் சென்று இறங்கினால் வில்லோ, பாப்லர் மரங்களும் பழைய ஆற்றுக் கால்களும் நாணற்புதர்களும் தொடங்கிவிடும். இன்று அது வியன்னாவுக்கும் சுலோவாக்கிய எல்லைக்கும் இடையே டான்யூப்பை ஒட்டி நீளும் ‘டோனௌ-ஔவன்’ தேசியப் பூங்காவின் நகரப்பகுதி. 1996இல் நிறுவப்பட்டபோது 9,300 ஹெக்டேர் பரப்புடையதாயிருந்த இப்பூங்கா, அகலத்தில் எங்கும் சில கிலோமீட்டரைத் தாண்டாத ஒரு பசுமை நாடா. அதன் ஒரு முனையில் வியன்னாவும் மறுமுனைக்கு அப்பால் பிராத்திஸ்லாவாவும் உள்ளன. இரு தலைநகரங்களின் மக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் குளிக்கவும் நாயை உலாவ விடவும் இங்கு வருகிறார்கள். நுழைவாயில் இல்லை, கட்டணமும் இல்லை.

பாதுகாக்கப்பட்ட நிலங்களின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாகச் சட்டத்திலிருந்து தொடங்குவர். முதலில் அறிவிக்கை, அடுத்து எல்லைக்கல், அதன்பின் வருகையாளர் என்பது அவ்வரலாற்றின் வரிசை. லோபௌவின் வரலாறு இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. இங்கு மக்கள் முதலில் வந்தனர், பயன்படுத்தினர், பயன்பாட்டால் அவ்விடம் அவர்களுக்கு மதிப்புடையதாயிற்று, அம்மதிப்பே பின்னர் சட்டமாயிற்று. சட்டம் வந்தபின் அதே மக்களை நிர்வாகம் எப்பெயரால் அழைத்தது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

தொடக்கத்தில் இது அரச வேட்டைநிலம். வியன்னாவை அடுத்திருந்த மற்றொரு படுகைக் காடான பிராட்டரை 1766இல் இரண்டாம் ஜோசப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஐரோப்பிய நகரப் பூங்காக்களின் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு அது. நகரிலிருந்து ஆற்றைக் கடந்து செல்லவேண்டிய லோபௌவுக்கு அந்த வாய்ப்பு உடனே கிட்டவில்லை. மானும் காட்டுப்பன்றியும் அரச குடும்பத்துக்காகக் காக்கப்பட்டன. பேரரசின் இளவரசர் ருடோல்ஃப், விலங்கியலாளர் ஆல்ஃபிரட் பிரேமுடன் 1878இல் டான்யூப்பில் பயணம் செய்து பறவைகளைப் பதிவுசெய்தார். துப்பாக்கியும் குறிப்பேடும் ஒரே கையில் இருந்த காலம் அது. காட்டை அறிதலும் காட்டில் வேட்டையாடுதலும் ஒரே குலத்தின் உரிமைகளாக இருந்தன.

இதற்கிடையே லோபௌவை மிக அதிக எண்ணிக்கையில் ‘பயன்படுத்திய’ கூட்டம் ஒரு படை என்பது வரலாற்றின் வேடிக்கை. 1809 மே 21, 22 நாட்களில் ஆஸ்பெர்ன்-எஸ்லிங் போரில் ஆர்ச்டியூக் சார்லசின் படையிடம் பின்வாங்கிய நெப்போலியன், லோபௌத் தீவிலே முகாமிட்டுப் பாலங்கள் அமைத்து, ஜூலையில் அங்கிருந்தே ஆற்றைக் கடந்து வாக்ராமில் வென்றார். அவருடைய தலைமையிடம், வெடிமருந்துக் கிடங்கு, பிரெஞ்சு வீரர்களின் புதைநிலம் ஆகியவற்றைக் குறிக்கும் நினைவுக்கற்கள் இன்றும் நடைபாதைகளின் ஓரத்தில் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வருவோர் அவற்றில் சாய்ந்து இளைப்பாறுகின்றனர்.

லோபௌ அன்று உண்மையிலேயே தீவாக இருந்தது. தமிழில் துருத்தி என்றும் அரங்கம் என்றும் வழங்கும் ஆற்றிடைக்குறைகள் பல சேர்ந்த ஒரு வலை அது. 1870 முதல் 1875 வரை நடந்த பெரும் சீரமைப்பில் டான்யூப்புக்கு நேரான புதிய படுக்கை வெட்டப்பட்டது. அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கிய நகருக்கு அது தேவையாயிருந்தது. பின்னர் எழுந்த மார்ச்ஃபெல்ட் வெள்ளத்தடுப்புக் கரை, லோபௌவை ஆற்றின் ஓட்டத்திலிருந்து பிரித்துவிட்டது. கிளையாறுகள் தேங்கிய குளங்களாயின. ஆற்றுக்கு அது இழப்பு. குளிப்போருக்கோ அதுவே வாய்ப்பாயிற்று. வேகமாக ஓடும் பனியுருகல் நீரில் இறங்க அஞ்சியவர்கள், வெயிலில் வெதுவெதுக்கும் தேங்குநீரில் அச்சமின்றி இறங்கினர். இன்று ‘இயற்கை’ என்று போற்றப்படும் நிலத்தின் தோற்றம் பாதி பொறியியலால் ஆனது என்பதை மறவாதிருப்பது நலம்.

பொதுமக்களின் ஆற்றுக்குளியல் வியன்னாவில் ஓர் இயக்கமாக உருப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இயற்கை மருத்துவரான ஃப்ளோரியான் பெர்ன்டல், பழைய டான்யூப்பின் கென்சஹாய்ஃபெல் மணல்திட்டை 1900இல் குத்தகைக்கு எடுத்து, வெயிலிலும் மணலிலும் நீரிலும் உடலைத் தேற்றும் முறையைப் பரப்பினார். சில ஆண்டுகளில் அவர் வெளியேற்றப்பட்டார். 1907இல் அதே திட்டில் நகராட்சியின் குளியல்துறை திறக்கப்பட்டது. தனிமனிதர் ஒருவர் கண்டுபிடித்த பயன்பாட்டை நிர்வாகம் தனதாக்கிக்கொண்டு, கண்டுபிடித்தவரை விலக்கிய இந்நிகழ்வு பின்வரும் வரலாற்றுக்கு ஒரு முன்னோட்டம்.

1918இல் பேரரசு வீழ்ந்தபோது வேட்டைநிலத்தின் காவலும் தளர்ந்தது. போருக்குப் பிந்தைய பசியிலும், பின்னர் 1930களின் வேலையின்மையிலும், குளியல்துறைக்குக் கட்டணம் செலுத்த இயலாத தொழிலாளர்களுக்கு லோபௌ இலவசக் கோடை விடுதியாயிற்று. விறகு பொறுக்கினர், மீன் பிடித்தனர், குடில் கட்டித் தங்கினர், ஆடையின்றிக் குளித்தனர். நிர்வாணக் குளியல் அங்கு வெறும் கேளிக்கையாக இருக்கவில்லை. உடல் எவருடைய உடைமையும் அன்று என்ற அக்காலத் தொழிலாளர் இயக்கத்தின் ஒரு பகுதியினரது நம்பிக்கையும் அதில் கலந்திருந்தது. லோபௌவின் சில குளங்களில் அவ்வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. கோடையில் ஊருக்குப் புறப்பட வசதியற்றவர்களின் ஊர் அது.

நாசி ஆட்சி இந்நிலத்தை வேறு கண்ணால் பார்த்தது. லோபௌவில் எண்ணெய்த் துறைமுகம் அமைக்கப்பட்டது. டான்யூப்பையும் ஓடர் ஆற்றையும் இணைக்கும் கால்வாயின் வேலை தொடங்கிப் பாதியில் நின்றது. போர்க்கைதிகளும் கட்டாய உழைப்பாளர்களும் இங்கு வருத்தப்பட்டனர். எண்ணெய்க் கிடங்குகளுக்காக 1944இல் நேச நாடுகளின் குண்டுகள் இங்கு விழுந்தன. வெட்டிவிடப்பட்ட கால்வாய்த் துண்டுகள் இன்று நீச்சலுக்குரிய நீர்நிலைகள். குண்டு விழுந்த குழிகளுட் சிலவற்றில் தவளைகள் முட்டையிடுகின்றன. நிலம் மறந்துவிடுகிறது. அங்கு நடப்பவர் மறக்கலாமா என்பது வேறு வினா.

போருக்குப் பின் ஆஸ்திரியா டான்யூப்பை மின்சாரமாகப் பார்க்கத் தொடங்கியது. 1959இல் இப்ஸ்-பெர்சன்போய்க் அணைமின்நிலையம் நிறைவுற்றது. அடுத்தடுத்து அணைகள் எழுந்தன. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய டான்யூப்பில் அணையால் தேங்காமல் ஓடிய நீண்ட பகுதிகள் இரண்டே: ஒன்று வாகௌ பள்ளத்தாக்கு, மற்றொன்று வியன்னாவுக்குக் கிழக்கிலுள்ள படுகை. இரண்டாவதில், ஹைன்புர்க் ஊரருகே, அடுத்த மின்நிலையம் திட்டமிடப்பட்டது. கீழ் லோபௌ 1977இலேயே யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டிருந்தது. ராம்சார் ஒப்பந்தத்தின்படி இப்படுகைகள் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாகவும் பட்டியலிடப்பட்டிருந்தன. ஆயினும் 1984 நவம்பரில் மின்நிலையத்துக்கான இயற்கைப் பாதுகாப்பு அனுமதியைக் கீழ் ஆஸ்திரிய மாநில அரசே வழங்கிவிட்டது. பட்டியலில் இடம்பெறுவது வேறு, காக்கப்படுவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. 1984 மே மாதம் வியன்னாவில் ‘விலங்குகளின் செய்தியாளர் கூட்டம்’ ஒன்று நடந்தது. சமூக ஜனநாயகச் சார்புடைய இதழாளர் குன்டர் நென்னிங் செம்மான் வேடத்திலும், பழமைவாதக் கட்சியின் எழுத்தாளர் யோர்க் மௌட்டே கருநாரை வேடத்திலும் வந்து மேடையேறினர். கேலியாகத் தோன்றிய அக்கூட்டமே, கட்சி எல்லைகளைக் கடந்த ஒரு கூட்டணியை நாட்டுக்குக் காட்டியது. மக்கள் கோரிக்கை மனுவுக்கு நோபல் பரிசாளர் கோன்ராட் லோரென்சின் பெயர் சூட்டப்பட்டது. விலங்கு நடத்தையியலின் முன்னோடியான அவர், ஆல்டன்பெர்க்கில் டான்யூப் படுகையில் விளையாடி வளர்ந்தவர்; தம் வாழ்நாள் ஆய்வின் தொடக்கத்தை அங்கே கண்டவர். அவர் வீட்டுக்கு அருகிலுள்ள கிரைஃபென்ஸ்டைனில் அதே ஆண்டுகளில் ஓர் அணை எழுந்துகொண்டிருந்தது. அவருடைய குரலில் அறிவியலோடு சிறுவயதுப் பழக்கமும் பேசியது.

1984 டிசம்பர் 8இல் பல திசைகளிலிருந்து படுகையை நோக்கி நடைபயணம் நடந்தது, ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்டனர். முடிந்ததும் ஒரு பகுதியினர் வீடு திரும்பவில்லை. உறைபனியில் கூடாரமும் வைக்கோலும் கொண்டு காட்டிலேயே தங்கினர். மாணவர், மருத்துவர், உழவர், ஓவியர் ஹுண்டர்ட்வாசர் எனக் கூட்டம் பல நிறத்தது. மறுபுறம் தொழிற்சங்கங்கள் வேலைவாய்ப்பை முன்னிறுத்தி அணையை ஆதரித்தன என்பதையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும். அவர்களுடைய அச்சமும் பொய்யன்று. டிசம்பர் 19 காலையில் காவல்துறை தடியுடன் காட்டுக்குள் இறங்கியது; பலர் காயமுற்றனர். அன்று மாலை வியன்னா வீதிகளில் சுமார் 40,000 பேர் திரண்டனர். சில நாட்களில் பிரதமர் ஃபிரெட் சினோவாட்ஸ் ‘கிறிஸ்துமஸ் அமைதி’ அறிவித்தார். 1985 ஜனவரியில் நிர்வாக நீதிமன்றத்தின் ஆணையால் மரம் வெட்டுதல் நின்றது. மார்ச்சில் லோரென்ஸ் மனுவில் 353,906 பேர் கையெழுத்திட்டனர்.

இந்திய வாசகருக்கு இவ்வாண்டுகள் வேறொரு காட்டை நினைவூட்டும். கேரளத்தின் குந்திப்புழை மீது திட்டமிடப்பட்ட நீர்மின் அணை 1983 இறுதியில் கைவிடப்பட்டு, அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1984 நவம்பரில். ஹைன்புர்க் முற்றுகைக்குச் சில வாரங்களுக்கு முன். இரண்டும் அணைக்கெதிரான வெற்றிகள். ஆயினும் அவை நின்ற அடித்தளங்கள் வேறு. அமைதிப் பள்ளத்தாக்குக்காகப் பேசிய அறிவியலாளரும் கவிஞரும் மாணவரும் ஊர்தோறும் கூட்டம் நடத்தினர். அவர்களுள் அக்காட்டில் கால் வைத்திராதவர் பலர். மனிதத் தடம் படாதது என்பதே அக்காட்டின் மதிப்பாக முன்வைக்கப்பட்டது. டான்யூப் படுகைக்காகப் பனியில் கிடந்தவர்களுள் பலருக்கோ அது பழகிய இடம். நீந்தக் கற்ற இடமாக, பெற்றோருடன் நடந்த இடமாக அது இருந்தது. பயன்பாட்டிலிருந்து பிறந்த மதிப்பு அது. நகரருகே அமைந்த பூங்காக்களைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு அடிப்படையானது.

ஆனால் பயன்பாட்டிலிருந்து பிறக்கும் மதிப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. 1991 மே மாதம் வியன்னா மக்களிடம் இரண்டு வினாக்கள் முன்வைக்கப்பட்டன: 1995இல் உலகக் கண்காட்சி நடத்தலாமா? ஃப்ராய்டனௌவில் டான்யூப் மின்நிலையம் கட்டலாமா? கண்காட்சியை மக்கள் நிராகரித்தனர். மின்நிலையத்தைப் பெரும்பான்மையோர் ஏற்றனர். ஹைன்புர்க்குக்காகத் திரண்ட நகரமே, ஏழாண்டுகளுக்குள், அதே ஆற்றில் தன் எல்லைக்குள் ஓர் அணைக்கு இசைவளித்தது. ஃப்ராய்டனௌவில் ஆற்றங்கரை ஏற்கெனவே துறைமுகமும் கற்கட்டுமாக இருந்தது. அங்கு இழப்பதற்கு உரிய கோடைக்காலம் எவருக்கும் இல்லை. மக்கள் ஆற்றை நேசித்தனர் என்பதைவிட, ஆற்றில் தமக்குத் தெரிந்த இடத்தை நேசித்தனர் என்பதே துல்லியம். மேலேயுள்ள அணைகள் பரற்கற்களை அடக்கிவைப்பதால், கீழே பூங்காவுக்குள் ஆற்றின் படுக்கை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் ஆழ்ந்துவருகிறது. நீர்மட்டம் தாழ, கிளையாறுகள் வறள்கின்றன. ஃப்ராய்டனௌவுக்குக் கீழே செயற்கையாகப் பரல் கொட்டி இதனை ஈடுசெய்ய முயல்கின்றனர். நடப்பவரின் கண்ணுக்கு இவ்விழப்பு எளிதில் புலப்படாது. பழக்கத்தால் உண்டாகும் மதிப்பு, மெல்ல நிகழும் அழிவைக் காண்பதில் வலுவற்றது.

1996 அக்டோபர் 27இல் மத்திய அரசும் வியன்னா, கீழ் ஆஸ்திரிய மாநிலங்களும் உடன்படிக்கையில் கையெழுத்திட, தேசியப் பூங்கா பிறந்தது. அன்றுமுதல் லோபௌவின் மக்கள் ‘வருகையாளர்’ ஆயினர். குறியிட்ட பாதைகளில் மட்டும் நடத்தல், ஒதுக்கிய இடங்களில் மட்டும் குளித்தலும் மிதிவண்டி ஓட்டுதலும், நாய்க்குக் கட்டாய வார் என விதிகள் வந்தன. தரையில் கூடு கட்டும் பறவைக்கும் சேற்றில் வெயில் காயும் ஆமைக்கும் இவ்விதிகள் இன்றியமையாதவை. எனினும் தன் பாட்டனார் காலத்திலிருந்து நடந்த ஒற்றையடிப் பாதை ஒருநாள் மூடப்பட்டதைக் கண்ட முதியவருக்கு, அவர் காத்த காடு அவரையே அயலாராக்கியதாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

பூங்கா தொடங்கிய சில ஆண்டுகளிலேயே வருகையாளரை அறியும் ஆய்வுகளும் தொடங்கின. வியன்னாவின் இயற்கைவளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னே ஆர்ன்பெர்கர், கிறிஸ்டியானே பிராண்டன்பர்க் முதலியோர், லோபௌவின் நுழைவுப் பாதைகளில் காணொளிக் கருவி வைத்தும் நேர்காணல் நடத்தியும் ஆண்டு முழுவதும் எண்ணினர். நகரருகிலுள்ள காப்பிடத்தின் இயல்பு இவ்வாய்வுகளில் தெளிவாக வெளிப்பட்டது. வருகை இலட்சக்கணக்கில் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமையில் உச்சம் தொட்டது. பெரும்பகுதி நடப்போரும் மிதிவண்டியாளரும் நாய் வளர்ப்போருமே. தேசியப் பூங்கா என்ற தகுதிக்காக வருவோரும், அத்தகுதி இல்லாவிடினும் வந்திருக்கக்கூடிய அண்டை வீட்டாரும் வெவ்வேறு மதிப்பீடுகள் உடையவர்கள். தொலைவிலிருந்து முதன்முறை வரும் பயணி, கூட்டத்தைப் பெரிதாக உணர்வதில்லை. பல்லாண்டுகளாக வரும் உள்ளூர்வாசியே நெரிசலை மிகுதியாக உணர்கிறார். தம் நேரத்தையும் பாதையையும் மாற்றிக்கொள்கிறார். அவரிடம் ஒப்பிடுவதற்கு ஒரு நேற்று இருக்கிறது.

இம்முடிவின் பொருள் ஆழமானது. சராசரி எடுக்கும் எந்தக் கருத்துக்கணிப்பும், மனநிறைவுடைய புதியவரையும் மனக்குறையுடைய பழையவரையும் ஒரே எண்ணாகக் கலந்துவிடும். பழையவர் மெல்ல விலகிவிட்டால் கணிப்பில் மனநிறைவு உயரும். பூங்காவோ தன்னை அறிந்த காவலரை இழந்திருக்கும். ஹைன்புர்க்கில் நின்றவர்கள் மனநிறைவுடைய பயணிகள் அல்லர். இழப்பை அளக்கத் தெரிந்த பழக்கக்காரர்கள்.

இதனால் கட்டுப்பாடே வேண்டாம் என்பது பெறப்படாது. எட்டுத் திசையிலும் மிதிவண்டி ஓடும் காட்டில் கருநாரை கூடு கட்டாது. பழக்கக்காரரின் நாயும் பறவையைக் கலைக்கவே செய்கிறது. வினா வேறு: கட்டுப்பாட்டை வகுக்கும் மேசையில் அவர்களுக்கு இடம் உண்டா? இவ்வினா இந்தியச் சூழலில் மேலும் கூர்மை பெறுகிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு நிலம் தேசியப் பூங்காவாவதற்கு முன் அந்நிலத்தின் மீதான உரிமைகள் தீர்க்கப்பட்டு அரசிடம் சேரவேண்டும். நுழைவு அனுமதிக்கு உட்பட்டது. ‘தேசியப் பூங்கா’ என்னும் ஒரே சொற்றொடர், ஓரிடத்தில் வாயிலற்ற காட்டையும் மற்றோரிடத்தில் உரிமை நீங்கிய காட்டையும் குறிக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்து ஒப்பிடும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ளுதல் வேண்டும். யமுனையோ சபர்மதியோ, நம் நகரங்களின் ஆற்றோரங்களில் பூங்கா அமைக்க முற்படுவோர், அங்கு முன்பே குளித்தவரையும் துவைத்தவரையும் பயிரிட்டவரையும் எப்பெயரால் பதிவுசெய்கின்றனர் என்பதும் இதே வினாவின் இந்திய வடிவம்.

லோபௌவின் கதை முடியவில்லை. அதன் அடியில் சுமார் எட்டுக் கிலோமீட்டர் நீளச் சுரங்கச்சாலை அமைக்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் அமைச்சர் லியோனோரே கெவெஸ்லர் நிறுத்தினார். அதற்கு முன்னரே இளைஞர்கள் அதனோடு இணைந்த சாலைப் பணியிடங்களில் கூடாரமிட்டிருந்தனர். அவர்களுள் பலர் ஹைன்புர்க்குக்குப் பின் பிறந்தவர்கள். திட்டம் அத்துடன் மறைந்துவிடவில்லை. அரசியலில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

இருநூறு ஆண்டுகளில் இப்படுகையில் நடந்த மனிதருக்கு எத்தனை பெயர்கள்! வேட்டைக்காவலரின் ஏட்டில் அவர் அத்துமீறியவர், 1930களில் வேலையற்றவர், 1984இல் முற்றுகையாளர், 1996க்குப் பின் வருகையாளர், ஆய்வறிக்கையில் ‘அழுத்தக் காரணி’. நிலத்தோடு அவர் கொண்ட உறவு பெரிதும் மாறவில்லை. அதைப் பார்த்தவரின் இருக்கையே மாறியது. ஒரு பூங்காவின் மதிப்பை அளக்கப் புறப்படும் ஆய்வாளர், எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணுவதோடு, அவர்களுக்கு அங்கு எந்தப் பெயர் சூட்டப்பட்டுள்ளது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்வது நன்று. 1984 டிசம்பரில் படுகையைக் காத்தவர்களை எந்த வாயிலிலும் எவரும் எண்ணியிருக்கவில்லை.